விஞ்ஞானம் படிக்க ஏன் இரண்டு பஸ் ஏற வேண்டும்?



சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வந்த வாரத்தில் சந்தா விஷயமாக ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். மேல் லயத்தில் ஒரு தங்கச்சி சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, மகளின் முடிவைப் போனில் எடுத்துக் காட்டினார். கணிதத்தில் ஏ. விஞ்ஞானத்திலும் ஏ.

"அண்ணே, இவள ஏ.எல்.லுக்கு எங்க போடுறது? கீழ இருக்கிற ஸ்கூல்லயா, டவுன் ஸ்கூல்லயா? நீங்களே ஒரு முடிவ சொல்லுங்க" என்றார்.

கீழேயுள்ள பாடசாலை இருபது நிமிட நடை. தெரிந்த ஆசிரியர்கள், கூடப் படித்த பிள்ளைகள். ஆனால் உயர்தரத்தில் அங்கே கலையும் வர்த்தகமும் மட்டுமே. டவுன் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு உண்டு. அதற்கு விடியுமுன் சந்திக்கு இறங்கி ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ். பின்னேரம் டியூஷனும் இருந்தால் இருட்டில்தான் மலை ஏறி வர வேண்டும். இல்லையென்றால் டவுனில் போர்டிங். அந்தக் கணக்கைத் தாய் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

கதவோரம் நின்ற பிள்ளை ஒன்றே ஒன்றுதான் சொன்னது: "மாமா, எனக்கு பயோ படிக்கணும்."

அன்றைக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். அந்தத் தாய்க்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு பாடசாலைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் நிலையில் அந்தப் பிள்ளை இல்லை. தான் விரும்பிய படிப்பா, அம்மாவின் சம்பளத்துக்குள் அடங்கும் படிப்பா என்பதுதான் அவள் முன்னால் இருக்கிற கேள்வி. இதற்குப் பெயர் தெரிவு அல்ல.

கல்விக் கூட்டங்களில் சிலர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தோட்டப் பிள்ளைகள் கலைப்பிரிவைத்தான் விரும்புகிறார்கள்" என்கிறார்கள். ஐயாமாரே, கடையில் ஒரே ஒரு சாமானை வைத்துவிட்டு, சனம் அதைத்தான் விரும்பி வாங்குகிறது என்று சொல்லலாமா? இந்த நாட்டில் பாடசாலைகளுக்கு வகை உண்டு. உயர்தர விஞ்ஞானம் உள்ளது 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. பதினோராம் வகுப்போடு முடிவது வகை 2. அதற்கும் கீழே வகை 3. உங்கள் தோட்டத்தைச் சுற்றியுள்ள பாடசாலைகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை 1ஏபி? பிள்ளையின் விருப்பம் அந்த எண்ணிக்கையில்தான் கட்டிப்போடப்பட்டிருக்கிறது.

கலைப்பிரிவை நான் குறைத்துப் பேசவில்லை. கலை படித்து ஆசிரியர்களானவர்கள்தான் நம் பாடசாலைகளை இன்றைக்கும் தாங்கி நிற்கிறார்கள். விரும்பிப் படிக்கிற பிள்ளை தாராளமாகப் படிக்கட்டும். வேறு வழியில்லாமல் படிக்க வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இந்த நிலைமை வானத்திலிருந்து விழவில்லை. நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. கன்னங்கராவின் மத்திய கல்லூரிகள் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தன. தோட்டப் பாடசாலைகளோ தோட்டத் துரைமாரின் கையிலேயே கிடந்தன. ஒரு மண்டபம், பல இடங்களில் ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்புச் சரி. 1948இல் பிரஜாவுரிமையையும் பறித்தார்கள். வாக்கில்லாத சனத்தின் பள்ளிக்கூடத்தை யார் கேட்பார்? அரசாங்கம் இந்தப் பாடசாலைகளைக் கையேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். முப்பது வருடம் பின்னால் ஓடத் தொடங்கியவர்களைப் பார்த்து, ஏன் இன்னும் முன்னால் வரவில்லை என்று கேட்கிறார்கள்.

அடுத்ததாக, "கெட்டிக்காரப் பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும்" என்கிறார்கள். ஆய்வுகூடம் இல்லாமல் இரசாயனவியல் செய்முறையை எந்தக் கெட்டிக்காரப் பிள்ளை படிக்கும்? பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் எந்தப் பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குள் துணிந்து போகும்? இப்படிச் சொல்பவர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கண்டியிலும் கொழும்பிலும் இருக்கும். அது அவர்கள் உரிமை. ஆனால் நம் பிள்ளைக்கு மட்டும் வேறு நியாயம் சொல்லக் கூடாது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் முழு நாட்டுக்கும் பொதுவான திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களுக்கு. 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன. மாவட்டம் பின்தங்கியிருப்பதற்கு லயத்துப் பிள்ளைகளின் நிலையும் ஒரு காரணம். ஆனால் விஞ்ஞான வகுப்பே இல்லாத பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு அந்த இடத்தால் என்ன பயன்? நம் பெயரைச் சொல்லி இலை போட்டிருக்கிறது. பந்தியில் உட்கார நம் பிள்ளைக்குத்தான் வழியில்லை.

மூன்றாவதாக அதிகாரிகள் சொல்லும் காரணம்: "விஞ்ஞானம் படிக்கப் போதிய பிள்ளைகள் இல்லை, ஆசிரியர்களும் இல்லை." வகுப்பு இல்லாததால் பிள்ளைகள் டவுனுக்குப் போகிறார்கள், அல்லது வேறு பாடம் எடுக்கிறார்கள். பிறகு பிள்ளைகள் இல்லை என்று சொல்லி வகுப்பைத் தொடங்க மறுக்கிறார்கள். செக்ரோலில் பெயர் போடாமல் விட்டுவிட்டு, வேலைக்கு வரவில்லை என்று சொல்லும் பழைய தந்திரம் இது. ஆசிரியர் பிரச்சினையும் அப்படித்தான். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்து, மாதம் 6,000 ரூபாவும் பிறகு 10,000 ரூபாவும் கொடுத்து வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அந்தக் காசுக்கு விஞ்ஞானப் பட்டதாரி எவர் வந்து மலையில் நிற்பார்?

எல்லாப் பாடசாலையிலும் நாளைக்கே விஞ்ஞானப் பிரிவு வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வகுப்புக்குப் பிள்ளைகள் கிடைப்பார்கள். அந்தத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பாடசாலையையாவது 1ஏபி ஆக்கு என்கிறோம்.

இனி நம் முதுகையும் கொஞ்சம் பார்ப்போம். 1,000 ரூபா சம்பளத்துக்காக 2021 பெப்ரவரியில் வேலைக்குப் போகாமல் நின்றோம். நியாயமான போராட்டம். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானபோதும் அதற்குப் பின்னால் வருடக்கணக்கான குரல் இருந்தது. ஆனால் ஒரு ஆய்வுகூடத்துக்காக, ஒரு இரசாயனவியல் ஆசிரியருக்காக எந்தத் தோட்டத்தில் ஒரு நாளாவது பிரட்டுக்களத்தில் கூடி நின்றோம்? கோரிக்கைப் பட்டியலில் கல்வி என்று கடைசியில் ஒரு வரி எழுதுவோம். பேச்சுவார்த்தையில் முதலில் விட்டுக்கொடுப்பதும் அந்த வரியைத்தான். எந்தச் சங்கமும் இதில் விதிவிலக்கல்ல. நம்முடைய சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சம்பளம் கூடினால் போதும், பிள்ளையை டவுனுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். பக்கத்தில் நல்ல பாடசாலை இல்லாவிட்டால் கூடிய சம்பளத்தை போர்டிங்கும் டியூஷனும் பஸ்ஸும் வாங்கிக்கொள்ளும். ஆகவே பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞான வகுப்பு கேட்பதும் சம்பளப் போராட்டம்தான்.

நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: பக்கத்துத் தோட்டங்களைச் சேர்த்துத் தெரிவு செய்யும் தமிழ்மொழிப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவு, வேலை செய்யும் ஆய்வுகூடத்தோடு.

இரண்டு: அங்கே நியமிக்கப்படும் பட்டதாரி ஆசிரியர்களுக்கு தங்குமிடம். வந்த மறுவருடமே இடமாற்றம் வாங்கிப் போக இடம் கொடுக்கக் கூடாது.

மூன்று: பாடசாலை நேரத்துக்கு ஓடும் இ.போ.ச. பஸ். தூரத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி.

நான்கு: தோட்டக் கம்பனிகளோடு பேசும் ஒவ்வொரு மேசையிலும், உயர்தரம் படிக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கான போக்குவரத்து உதவி.

இவையெல்லாம் வரும்வரை அந்தப் பிள்ளை காத்திருக்க முடியுமா? முடியாது. உயர்தர வகுப்பு இவ்வருடமே தொடங்கிவிடும். ஆகவே அந்தத் தங்கச்சிக்கு என் பதில் இது: பிள்ளையை டவுனுக்கே அனுப்புங்கள். பயந்து விருப்பத்தை மாற்றச் சொல்லாதீர்கள். ஆனால் அந்தச் சுமையை நீங்கள் ஒருவர் மட்டும் தூக்கக் கூடாது. அந்தத் தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் இந்த மாதமே கமிட்டியைக் கூட்டி மூன்று காரியம் செய்ய வேண்டும். விடியற்காலையில் சந்திவரை பிள்ளைக்குத் துணை போவது யார் என்று முறை வைக்க வேண்டும். பஸ் நேரத்தைப் பற்றி டிப்போவுக்குக் கடிதம் எழுத வேண்டும். தோட்டத்தில் உயர்தரம் படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும், எங்கே, என்ன பாடம், எவ்வளவு தூரம் என்று எழுதி சங்க அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியல்தான் வலயக் கல்விப் பணிமனையில் நாம் வைக்கப்போகும் ஆதாரம். பிள்ளைகள் இல்லை என்று சொல்கிறவர்களுக்குப் பெயரோடு பதில் சொல்வோம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பிள்ளை டவுனுக்குப் போய்விட்டது என்பதற்காகக் கீழேயுள்ள பாடசாலையைக் கைவிடாதீர்கள். அதன் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தொடர்ந்து போங்கள், அங்கேயும் கேளுங்கள். அந்த வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். அக்கா ஏறிய இரண்டு பஸ்ஸை அவனும் ஏறக் கூடாது.