வடிகட்டிக்குத் தெரியாத சொற்கள்

பல்கலைக்கழகத் துறைகளில் மின்னஞ்சல் பெட்டியை மனிதர் திறந்து வாசிக்கும் வழக்கம் குறைந்துவருகிறது. சேர்க்கைக் காலத்தில் மடல்கள் குவிந்ததும் ஆய்வு உதவியாளர் ஒருவரை அழைத்து ஜாவாவில் சிறு நிரல் எழுதச் சொல்கிறார்கள். ஜாவாமெயில் நூலகத்தின் துணையோடு ஐமேப் வழியாக இன்பாக்ஸைத் திறப்பதும், பொருள்வரியில் குறிப்பிட்ட சொல் உள்ள மடல்களைத் தனித்தனி அடைவுகளுக்கு மாற்றுவதும் சில பத்து வரிகளில் முடிகிற வேலைதான். அந்தச் சில பத்து வரிகளுக்குள் யாரும் விவாதிக்காத, எந்தக் குழுவும் ஒப்புதல் தராத ஒரு மொழிக்கொள்கை நுழைந்துவிடுகிறது.

'ஜாவாவுக்குத் தமிழ் தெரியாது' என்னும் சாக்கு செல்லாது. 1996இல் வெளிவந்தபோதே ஜாவாவின் சரங்கள் யூனிகோடில்தான் அமைந்திருந்தன. யூனிகோடில் தமிழுக்கு அதற்கு முன்பே இடம் கிடைத்திருந்தது. கோளாறு பயன்படுத்துவோரின் பழக்கத்தில் இருக்கிறது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'சொல்லுக்குரிய எழுத்து' என்பதைக் குறிக்கும் குறி, தனியே மாற்றிச் சொல்லாதவரை, ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். அதைக் கொண்டு பொருள்வரியைப் பிரித்தால் 'ஆய்வேடு சமர்ப்பிப்பு' என்னும் வரியில் ஒரு சொல்கூட இல்லை. இந்தியிலோ வங்காளியிலோ மலையாளத்திலோ எழுதினாலும் இதே கதி. இதைச் சரிசெய்யும் யூனிகோடுக் கொடி 2011இல் ஜாவா 7உடன் வந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், சேர்ப்பதில்லை.

அரைகுறையாகத் திருத்துவோர் செய்வது இன்னும் மோசம். 'யூனிகோடு எழுத்துகளை ஏற்றுக்கொள்' என்று மட்டும் கட்டளையிடுகிறார்கள். யூனிகோட்டின் வகைப்பாட்டில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்துகள் அல்ல; ஒட்டுக்குறிகள். விளைவு: 'கல்வி' என்பது 'கல' என்றும் 'வ' என்றும் இரண்டு துண்டாகிறது, 'மாநாடு' வெறும் ம, ந, ட ஆகிறது. மெய்யையும் உயிர்மெய்யையும் எழுத்தெனக் கொண்ட இலக்கண மரபுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேண்டியதில்லை.

அடுத்தது 'உதவித்தொகை'. இதிலுள்ள 'தொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் தரலாம். கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் தரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கோ வெவ்வேறு சரங்கள். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஜாவா 6 முதலே நார்மலைசர் இருக்கிறது.

இவை அனைத்தையும் சரிசெய்தாலும் மொழியின் இயல்பு மிஞ்சும். 'ஆய்வேடு' என்று தேடும் நிரலுக்கு 'ஆய்வேட்டை' அகப்படாது. 'விண்ணப்பம்' என்று தேடினால் 'விண்ணப்பத்தின்' அகப்படாது. வேற்றுமை உருபு சேரும்போது பெயரின் ஈறு மாறும் என்பது பள்ளிப் பாடம். உட்சரத் தேடலை நம்பி விதி எழுதுவோர் அந்தப் பாடத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

இதற்கு வரும் மறுமொழிகள் இரண்டு. 'பொருள்வரியை ஆங்கிலத்தில் எழுதட்டுமே' என்பது முதலாவது. நிரலர் ஒருவர் அரைமணி நேரத்தில் முடிக்கக்கூடிய திருத்தத்தை, ஆயிரம் மாணவர்களின் கடமையாக மாற்றும் வாதம் இது. 'இந்திய மொழிகளில் வரும் மடல்கள் மிகக் குறைவு' என்பது இரண்டாவது. எதைக் கொண்டு எண்ணினார்கள்? அம்மடல்களைக் காணவே இயலாத அதே வடிகட்டியைக் கொண்டுதான். பார்வையற்ற கருவி தந்த கணக்கைப் பார்வையின்மைக்கே நியாயமாகக் காட்டுவது ஆய்வுமுறை ஆகாது. இயந்திரக் கற்றலுக்கு மாறினால் தீரும் என்போரும் உண்டு. பயிற்சித் தரவைச் சொற்களாக வெட்டுவது அதே குறியாக இருந்தால், பிழை புதிய வீட்டுக்குக் குடிபோகும், அவ்வளவே.

எந்த விதிக்கும் பொருந்தாத மடல் 'பிற' என்னும் அடைவுக்குச் செல்கிறது. அதை எவரும் திறப்பதில்லை. வீட்டில் முதன்முறையாகக் கல்லூரிப் படியேறிய மாணவி, உதவித்தொகைக்கான கடைசி நாளைப் பற்றித் தன் மொழியில் கேட்டு எழுதிய மடலும் அங்கேதான் கிடக்கும். அவளுக்கு மறுப்பு வராது, மௌனம் வரும். மறுப்பை எதிர்த்து முறையிடலாம், மௌனத்தை எதிர்த்து எங்கே முறையிடுவது?

துறைகள் செய்ய வேண்டியவை எளியவை. வடிகட்டியின் விதிகளை எல்லாரும் காணும்படி வெளியிடட்டும். தம் மாநில மொழியிலும் மாதிரி மடல்களை அனுப்பிச் சோதிக்கட்டும். 'பிற' அடைவை நாள்தோறும் ஒரு மனிதர் திறக்கட்டும். நிரல் மடலுக்கு அடையாளம் இடலாம்; மடலை ஒளித்துவைக்கும் அதிகாரம் அதற்கு வேண்டாம். மொழியியல் துறையும் கணினித் துறையும் ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு இதைப் பேசாதிருந்தால், தவறு ஜாவாவினுடையது அல்ல.