ஆபத்து வந்த அன்றைக்குப் படிக்கும் வித்தையல்ல

புயலோ, வெள்ளமோ, பூகம்பமோ வந்து போன பிறகு நமது நாட்டில் நடக்கும் காரியங்கள் இன்னவென்று எல்லோருக்கும் தெரியும். பெரிய மனிதர்கள் வந்து பார்வையிடுவார்கள். அனுதாபத் தீர்மானங்கள் நிறைவேறும். நிதி திரட்டப்படும். எல்லாம் விதி என்று சிலர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் மறுபடியும் அம்மாதிரி ஓர் ஆபத்து வந்து, தந்தியும் டெலிபோனும் அறுந்து போகுமானால், "இங்கே இத்தனை பேர் தவிக்கிறார்கள், மருந்தும் படகும் உடனே வேண்டும்" என்று ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சொல்லியனுப்ப என்ன வழி என்பதைப் பற்றி மாத்திரம் பேசுவாரில்லை. அதைப் பற்றித்தான் இன்று நாம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஹாம்" என்று சொல்லப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இவர்கள் சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் பெற்று, சொந்தச் செலவில் தங்கள் வீட்டிலேயே கம்பியில்லாத் தந்தி நிலையம் வைத்துக் கொண்டு, தங்களைப் போன்றவர்களுடன் பேசி வருகிறவர்கள். இதற்காக யாரிடமும் காசு வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆதலால் இதில் லாபமில்லை, பட்டமில்லை, பதவியில்லை. "வேலையற்றவன் வேலை" என்று அக்கம்பக்கத்தார் செய்யும் ஏளனந்தான் இவர்கள் கண்ட பலன்.

இந்த "வேலையற்ற வேலை" என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். அந்தமான் தீவுகளில் 1987-க்குப் பின் வெகுகாலம் ஹாம்களின் நிலையம் எதுவும் இயங்காமலிருந்தது. கடைசியாக 2004 டிசம்பர் துவக்கத்தில், ஐதராபாத்திலுள்ள அமெச்சூர் ரேடியோ ஸ்தாபனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் தலைமையில் ஒரு குழு அனுமதி பெற்றுப் போர்ட் பிளேருக்குச் சென்றது. அவர்கள் போனது ஆபத்தை எதிர்பார்த்தல்ல. அரிதான ஓரிடத்திலிருந்து உலகத்து ஹாம்களோடு பேச வேண்டுமென்ற ஆசைக்காகவேயாகும். அம்மாதம் 26-ந் தேதி காலை பூமி அதிர்ந்து, கடல் பொங்கித் தீவுகளின் மேல் வந்து விழுந்தது. டெலிபோன்கள் ஓய்ந்தன. அப்பொழுது அந்த அம்மையாரும் அவரது தோழர்களும் விளையாட்டுக்கென்று கொண்டு போன அதே கருவியைக் கொண்டு, யார் பிழைத்திருக்கிறார்கள், எங்கே என்ன வேண்டும் என்ற செய்திகளை நாட்கணக்கில் வெளியுலகுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு இயந்திர வேலை வராது என்று பேசுகிற கனவான்கள் இதைச் சிறிது கவனிப்பார்களாக.

நிற்க, இதில் நாம் சந்தோஷப்படுவதற்கு எவ்வளவு இடமிருக்கிறதோ அவ்வளவு வெட்கப்படுவதற்கும் இடமிருக்கிறது. ஏனெனில் அவர்கள் அந்த மாதத்தில் அங்கே இருந்தது வெறும் தற்செயல். ஒரு மாதம் முந்திப் போயிருந்தால் திரும்பி வந்திருப்பார்கள். தற்செயலை ஏற்பாடென்று எண்ணி நிம்மதியாயிருப்பதற்கும், எல்லாவற்றையும் ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று படுத்திருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். அன்று பூகம்பம் நிகழ்ந்தது நமது கடிகாரப்படி காலை 6-30 மணி சுமாருக்கு. அலை தமிழ்நாட்டுக் கரையை அடைந்ததோ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குப் பின். அவ்வளவு நேரமிருந்தும் கரையிலிருந்த மக்களுக்குச் சொல்வாரில்லை. தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். ஹாம்கள் இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அரிசியும் மருந்தும் போலச் செய்தியும் உயிர் காக்கும் பொருள் என்பதைத்தான் சொல்லுகிறோம். 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் இயங்கி வருவது நல்ல காரியமே. ஆனாலும் கம்பியறுந்த குப்பத்துக்கு அந்த எச்சரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் யார் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

"கைக்குக் கை செல்போன் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பழைய வித்தை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். செல்போன் தானாகப் பேசுவதில்லை. அதற்கு டவர் வேண்டும், டவருக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரம் நின்றால் பேட்டரியும் டீசலும் வேண்டும், டவரை மற்ற ஊர்களோடு சேர்க்கும் கேபிள் வேண்டும். இவற்றில் ஒன்று போனாலும் கையிலிருப்பது வெறும் பொம்மையே. போதாததற்கு, ஆபத்து வேளையில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச முயல்வதால் இருக்கிற வழியும் அடைபட்டுப் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வாசிகள் இதை நேரில் அனுபவித்தார்கள். ஹாமின் கருவிக்கோ நடுவில் ஒருவர் தயவும் வேண்டியதில்லை. ஒரு கார் பேட்டரியும், 7 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 66 அடிக் கம்பியும், அதைக் கட்ட இரண்டு மரங்களும் இருந்தால் போதும். அந்த அலை மேலே சென்று, வானத்தின் உயரத்திலுள்ள மின்னேற்றமடைந்த காற்று மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு மைல் தள்ளி இறங்குகிறது. இதில் மந்திரமுமில்லை, அற்புதமுமில்லை. படித்தால் யாருக்கும் விளங்கக்கூடிய இயற்கை விதியே.

ஆனால் கருவியை விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. ஆபத்து வேளையில் பழக்கமில்லாதவன் கையிலுள்ள கருவி உதவியல்ல, உபத்திரவமே. பத்துப் பேர் ஒரே அலையில் கூச்சலிட்டால் ஒரு வார்த்தையும் போய்ச் சேராது. ஆதலால்தான் ஒரு நிலையம் தலைமை வகிக்க, மற்றவர்கள் அது அழைத்தபோது மாத்திரம் பேசுவது என்ற ஒழுங்கை வைத்திருக்கிறார்கள். எழுதியனுப்பும் செய்திக்கும் முறையிருக்கிறது. இன்ன எண், இன்ன அவசரம், இன்ன நிலையத்திலிருந்து, இன்ன நேரம், இத்தனை வார்த்தை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். வாங்குகிறவர் வார்த்தைகளை எண்ணிப் பார்த்துக் கணக்குச் சரியாயிருந்தால்தான் "கிடைத்தது" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்டதைச் சொல்லலாமே ஒழிய, தோன்றியதைச் சொல்லக்கூடாது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் 2004 டிசம்பர் 30-ந் தேதியை நினைத்துப் பாருங்கள். மறுபடியும் கடல் வருகிறதென்று சர்க்காரே விடுத்த எச்சரிக்கையைக் கேட்டு, கரையோர மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கடலோ வரவில்லை. ஆதாரத்தைச் சோதிக்காமல் பரப்பும் செய்தி, வெள்ளத்துக்கு மேல் ஒரு வெள்ளம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இந்த ஒழுங்கு ஒரு நாளில் வருவதல்ல. அமெரிக்காவில் 1914-ல் ஏற்பட்ட ரேடியோ ரிலே லீக் என்ற சங்கத்தார் 1933 முதல் ஜூன் மாதத்தில் "வயல் நாள்" என்று ஒன்றை நடத்தி வருகிறார்கள். அன்று ஹாம்கள் வீட்டு மின்சாரத்தை விட்டுவிட்டு, வயலிலும் மைதானத்திலும் கூடாரமடித்து, பேட்டரியைக் கொண்டும் ஜெனரேட்டரைக் கொண்டும் இரவு பகலாகப் பேசிப் பழகுகிறார்கள். 2017-ல் புயல் போர்ட்டோரிக்கோ தீவைத் தரைமட்டமாக்கியபோது, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு உதவியாக 22 ஹாம்கள் அங்கே போக முடிந்ததற்குக் காரணம் இந்தப் பழக்கமேயாகும். அந்நாட்டில் லைசென்ஸ் பெற்றவர்கள் 7 லட்சத்துக்கு மேல். அதைவிட நாலு பங்கு ஜனத்தொகையுள்ள நமது நாட்டிலோ சில பதினாயிரம் என்ற அளவோடு நிற்கிறது.

இங்கே ஒருவன் துணிந்து லைசென்ஸ் வாங்கினாலும், மொட்டை மாடியில் ஒரு கம்பி கட்ட வீட்டுக்காரர் சம்மதிப்பதில்லை. வாடகை வருமென்றால் அதே மாடியைச் செல்போன் டவருக்கு விட்டுவிடுகிற கனவான்கள், இனாமாக ஊருக்கு உழைக்க வருகிறவனின் கம்பியைக் கண்டால் மாத்திரம் பயந்து போகிறார்கள். பள்ளிக்கூடங்களோ, மார்க்கு வராத வித்தை எதற்கு என்கின்றன.

ஆகவே நாம் கேட்பதெல்லாம் சொற்பமே. பரீட்சை ஜில்லாதோறும் நடக்க வேண்டும். தேறினவருக்குக் காலதாமதமின்றி லைசென்ஸ் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு தாலுகாவிலும், முக்கியமாய்க் கடற்கரையிலும் ஆற்றோரத்திலும், பத்து வாலிபர்களாவது, ஆணும் பெண்ணுமாக, இதில் பழக வேண்டும். ஜில்லா அதிகாரிகள் அவர்களை ஆபத்து வந்த பிறகு தேடாமல், வருஷத்துக்கு இரண்டு முறையாவது கூப்பிட்டு ஒத்திகை பார்க்க வேண்டும். சர்க்கார் செய்யட்டும் என்று காத்திராமல், ஊர் வாசகசாலையிலேயே வாரத்துக்கு ஒரு மாலை இதற்கென்று ஒதுக்கலாம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நமது பாட்டிமார் சொன்னதை நாம் பழமொழியாகத்தான் வைத்திருக்கிறோமே ஒழிய, வேலையாகச் செய்யவில்லை. அடுத்த வெள்ளம் வந்தே தீரும். அன்று நம் ஊரிலிருந்து பேச ஒருவர் இருப்பாரா மாட்டாரா என்பது அன்றைக்குத் தீர்மானமாவதல்ல. இன்றைக்கே தீர்மானமாகிறது. வாலிபர்கள் இதைக் கவனிப்பார்களாக.