புறப்பாடு

மோட்டார் பரீட்சைக்குப் போகும் அன்பர்களில் பலர், வண்டியை எப்படி ஓட்டுவது என்றே கவலைப்படுகிறார்கள். எப்படிப் புறப்படுவது என்று கவலைப்படுவதில்லை. ஆனால், அதிகாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "புறப்படலாம்" என்று சொன்ன மாத்திரத்தில், வண்டி தவளையைப் போல் ஒரு குதி குதித்து நின்று விடுகிறது. அதன் பிறகு, கற்ற வித்தை யாவும் மறந்து போகிறது.

இதற்குக் காரணம் என்ன? வண்டி நின்றிருக்கும்போதே எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 800 தடவை சுழல்கிறது. சக்கரங்களோ அசையாமல் நிற்கின்றன. சுழல்வதையும் நிற்பதையும் சமாதானமாகச் சேர்த்து வைக்கும் மத்தியஸ்தர்தான் கிளட்ச். அதன் தட்டு முதலில் வழுக்கி, பிறகு பற்றி, கடைசியில் எஞ்சினுடன் ஒன்றாகிச் சுழல வேண்டும். இடது காலைத் திடீரென்று எடுத்துவிட்டால் வழுக்குவதற்கு அவகாசம் ஏது? ஒரு டன் பாரத்தை ஒரே நொடியில் இழுக்கச் சொன்னால் எஞ்சின் மூச்சடைத்துப் போகிறது.

தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நுட்பம் எளிதில் விளங்கும். முதலில் வடம் விறைக்க வேண்டும். பிறகுதான் முட்டுக்கட்டையை எடுக்க வேண்டும். மோட்டாரிலும் அதே முறைதான். கிளட்சை முழுவதும் மிதித்து முதல் கியரைப் போடுங்கள். கண்ணாடியில் பின்புறம் பார்த்து, கை விளக்குச் சமிக்ஞை கொடுங்கள். ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்திக்கொண்டு, இடது காலை நிதானமாக உயர்த்துங்கள். எஞ்சினின் சுருதி இறங்கும். வண்டியின் முகம் லேசாக நிமிரும். வடம் விறைத்துவிட்டது என்று அர்த்தம். காலை அங்கேயே நிறுத்தி, கைப் பிரேக் என்னும் முட்டுக்கட்டையை எடுங்கள். வண்டி நகரும். நகர்ந்த பிறகும் காலை உதறாமல், மெதுவாகவே விடுங்கள்.

வண்டியைப் பத்திரமாகவும் சீராகவும் கிளப்ப வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி புறப்பட வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் கண்டிருக்கிறது. இது வெறும் சம்பிரதாயமன்று. மேம்பாலத்தின் ஏற்றத்தில் உங்களுக்கு இரண்டு முழம் பின்னால், குழந்தையுடன் ஸ்கூட்டரில் ஒரு தாயார் காத்திருக்கலாம். அதிகாரி சோதிப்பது உங்கள் சாமர்த்தியத்தை மட்டுமல்ல. அந்தத் தாயாரும் குழந்தையும் உங்களை நம்பலாமா என்பதையுந்தான்.

அப்படியும் எஞ்சின் நின்றுவிட்டால் பதற வேண்டாம். கைப் பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பரீட்சையில் தேறாவிட்டாலும், 7 நாட்களுக்குப் பிறகு மறுபடி வர 1988-ஆம் வருஷத்துச் சட்டம் இடம் கொடுக்கிறது. மூன்று முறையும் தவறியவர்களே 60 நாள் காத்திருக்க வேண்டும்.

அந்த 7 நாட்களில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லைசென்ஸ் பெற்றவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடமாட்டமற்ற சமதரையில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், கிளட்சினால் மட்டுமே வண்டியை நகர்த்தியும் நிறுத்தியும் பழகுங்கள். இருபது முறை செய்தால், வடம் விறைக்கும் இடம் எது என்பதை உங்கள் இடது கால் தானாகவே தெரிந்துகொள்ளும்.