எம்டனை அறிந்த மொழி பெங்காலை அறியாதது ஏன்?

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுச் சென்ற எம்டன், தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. கண்டிப்பான தகப்பனும் எமகாதகக் காரியக்காரனும் இன்றும் எம்டன்கள்தாம். ('எம்டன் மகன்' என்ற திரைப்படம் 2006இல் தமிழ்த் தலைப்புக்கான வரிவிலக்கை முன்னிட்டு 'எம் மகன்' ஆயிற்று, வரிக்காக ஒரு ஜெர்மானியக் கப்பல் தமிழிலிருந்து இறக்கப்பட்டது.) அதே இந்தியப் பெருங்கடலில் போரிட்ட ஒரு கப்பல், இந்திய மாலுமிகளைக் கொண்ட கப்பல், தமிழில் ஒரு அடிக்குறிப்பாகக்கூட நிலைபெறவில்லை. அதன் பெயர் எச்.எம்.ஐ.எஸ். பெங்கால்.

பெங்கால் சிட்னி நகரின் காக்கட்டூ கப்பல்தளத்தில் கட்டப்பட்டு 1942 ஆகஸ்டில் ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. பாத்தர்ஸ்ட் வகையில் கட்டப்பட்ட அறுபது கண்ணிவெடி அகற்றும் கப்பல்களில் நான்கு மட்டுமே இந்தியாவுக்கு வந்தன: பெங்கால், பம்பாய், மதராஸ், பஞ்சாப். இந்தியா நோக்கிய முதல் பயணத்தில், 1942 நவம்பர் 11 அன்று, ஒந்தினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகச் சென்ற பெங்காலை ஜப்பானியரின் ஹொக்கொகு மாரு, ஐகொகு மாரு ஆகிய இரு கப்பல்கள் எதிர்கொண்டன. பத்தாயிரம் டன்னைத் தாண்டிய அவ்விரண்டும் கனரகப் பீரங்கிகள் பலவற்றைத் தாங்கியவை. பெங்காலிடமும் ஒந்தினாவிடமும் தலைக்கு ஒரு பெரிய பீரங்கி. தளபதி வில்சன் ஒந்தினாவைத் தப்பிச் செல்லப் பணித்துவிட்டுத் தம் சிறு கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். ஹொக்கொகு மாரு வெடித்து மூழ்கியது. குண்டுகள் தீரும் நிலையில் பெங்கால் விலகி தியேகோ கார்சியாவை அடைந்தது. ஒந்தினா அழிந்தது என்றே அங்கு நம்பப்பட்டது. அதுவோ, தலைவர் ஹார்ஸ்மான் கொல்லப்பட்ட பின்னும், படகுகளில் இறங்கியோர் மீண்டும் ஏறிச் செலுத்த, ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்குத் திரும்பியது.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றனர்: ஹொக்கொகு மாருவை வீழ்த்தியது யாருடைய குண்டு? இந்தியத் தரப்பு எழுத்துகள் பெங்காலுக்கும் டச்சுத் தரப்பு எழுத்துகள் ஒந்தினாவுக்கும் பெருமை சேர்க்கின்றன. கேள்வி பொருளற்றதன்று. ஆயினும் ஒரு கப்பலின் பணிவரலாறு முழுவதையும் ஒரு நாளின் சில மணி நேரத்துக்குள் அடைத்துவிடுவது அதுவே.

கண்ணிவெடி அகற்றும் கப்பலின் பணி வெடிக்காமல் பார்த்துக்கொள்வது. பின்புறம் நீளும் கம்பிவடம் கடலடியில் நங்கூரமிட்ட கண்ணியின் சங்கிலியை அறுக்கும். மிதந்து மேலெழும் கண்ணியைத் துப்பாக்கியால் சுட்டு அழிப்பர். மறுநாள் அதே நீர்வழியில் மீண்டும் அதே வேலை. இவ்வேலையின் அருமையை முதற்போரே காட்டியிருந்தது. 1917 பிப்ரவரியில் வூல்ஃப் என்ற ஜெர்மானியக் கப்பல் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே கண்ணிகளை இட்டுச் சென்றது. கொழும்பருகே சில நாள்களுக்குள் வூஸ்டர்ஷையரும் பெர்சியஸும் மூழ்கின. வூல்ஃப் எங்கோ போய்விட்ட பிறகு, ஜூன் மாதத்தில், பம்பாய்க்கு அருகே மங்கோலியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கியது. மூழ்கிய கப்பலுக்கு ஆவணம் உண்டு. அகற்றப்பட்ட கண்ணியால் மூழ்காமல் போன கப்பலுக்கு ஏது? எம்டன் சொல்லாகி, அதற்கு எதிர்நின்ற பணி சொல்லாகாமற்போனதன் காரணம் இங்குதான் இருக்கிறது.

இதனினும் கனத்த மௌனம் மாலுமிகளைப் பற்றியது. கமாண்டர் காலின்ஸ் எழுதி 1964இல் வெளிவந்த அதிகாரபூர்வ வரலாறு பெங்காலின் போரை விரிவாகவே விவரிக்கிறது. ஆனால் பொது நினைவில் தங்குபவர் வில்சன் ஒருவரே. பதக்கம் பெற்ற சிலர் நீங்கலாக மற்றோர் 'குழுவினர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கரைந்துவிடுகின்றனர். போருக்கு முன் இரண்டாயிரத்தை எட்டாத இக்கடற்படை, போர் முடிவில் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டி வளர்ந்தது. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயின் தல்வார் பயிற்சித் தளத்தில் உணவுக்காகவும் மரியாதைக்காகவும் சம ஊதியத்துக்காகவும் எழுந்தவர்கள் இதே கடற்படையின் சாதாரண மாலுமிகள். 1942இன் வீரம் இராணுவ வரலாற்று அலமாரியிலும் 1946இன் கிளர்ச்சி தேசிய இயக்க அலமாரியிலும் பிரித்து வைக்கப்பட்டிருப்பது நூலக வசதியே தவிர வரலாறு அன்று. ஒரே சோற்றை உண்டு ஒரே வசையைக் கேட்ட தலைமுறை அது.

கடலிலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் வரலாற்றுத் துறைகளுக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் பிரிகேட் சாலையில் நிற்கும் மதராஸ் சாப்பர்ஸ் நினைவுச்சின்னம் மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மாண்டோருக்கானது. தொலைவு அதற்குத் தடையாக இருந்ததில்லை. தரைப்படைக்கு ரெஜிமெண்ட் உண்டு, அதன் நினைவைக் காக்க ஒரு நகரம் உண்டு. கப்பல் உடைக்கப்பட்டால் மாலுமிக்கு அதுவும் இல்லை. பெங்கால் 1950இல் ஐ.என்.எஸ். பெங்கால் ஆகி 1960இல் உடைக்கப்பட்டது. அதில் பணியாற்றியோரின் ஓய்வூதியத் தாள்களும் கடிதங்களும் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் இருக்கக்கூடியவை. யாருடைய குண்டு என்ற விவாதத்தில் இன்னொரு கட்டுரை எழுதுவதைவிட, அவற்றைத் தேடிச் செல்லும் ஒரு முதுகலை ஆய்வேடு பயன் மிக்கது.