மணலிக்கும் மனாலிக்கும் ஒரே ஸ்பெல்லிங்

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுவரும் வடமாநில லாரி டிரைவருக்கு அந்த ஊர்ப்பெயர் போனில் ஆங்கில எழுத்தில்தான் வந்து சேர்கிறது. அதில் முதல் 'ஏ' குறிலா நெடிலா என்று தெரியாது. கடைசியில் இருப்பது 'ள்ளி'யா 'ல்லி'யா என்றும் தெரியாது. அவர் மீஞ்சூரில் வண்டியை ஓரங்கட்டி, "கட்டுப்பல்லி எங்கே?" என்று கேட்டால், டீக்கடைக்காரர் ஒரு நிமிஷம் சுவரைத்தான் பார்ப்பார்.

தப்பு டிரைவர் மேல் இல்லை. காட்டுப்பள்ளியில் 'ட்ட' என்று ஒலிக்கிற அதே இரட்டை 'டி', திருவொற்றியூரில் 'ற்ற'வுக்கு நிற்கிறது. மீஞ்சூர் மிஞ்சூராகிறது. மணலி கதை இன்னும் வேடிக்கை. சென்னை மணலிக்கும் இமாசலப் பிரதேசத்து மனாலிக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. ஒன்றில் பெட்ரோலிய ஆலை, இன்னொன்றில் பனிமலை! காட்டுப்பள்ளிக்கும் இந்தச் சிக்கல் உண்டு. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு திருக்காட்டுப்பள்ளி இருக்கிறது.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்து, ஐரோப்பாவில் நாள்கணக்கில் விமானங்கள் நின்றபோது, உலகம் முழுக்கச் செய்தி வாசிப்பவர்கள் அதன் பெயரைச் சொல்ல முடியாமல் தவித்தார்கள். 'எய்யாஃபியாட்லாயோகுட்ல்' என்று ஏறக்குறையச் சொல்லலாம். பிரித்தால் பயம் போய்விடும்: தீவு, மலை, பனியாறு. அவ்வளவுதான் பெயர். இரட்டை 'எல்' வந்தால் பெரும்பாலும் 'ட்ல்', அழுத்தம் முதல் அசையில் என்று சில விதிகளைப் பழகிக்கொண்டால், அந்த நாட்டுப் பெயர்ப்பலகைகளை ஓரளவு வாசித்துவிடலாம்.

தமிழும் அப்படித்தான். காடு, பள்ளி. இந்தப் பள்ளி பள்ளிக்கூடம் இல்லை. பழைய தமிழில் இருப்பிடம், சிற்றூர், துறவிகள் தங்குமிடம். தமிழ் எழுத்தில் பார்த்தால் யாருக்கும் குழப்பம் இல்லை. ஆங்கில எழுத்துக்குள் நுழையும்போதுதான் கோளாறு. வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததில் எழும்பூர் 'எக்மோர்' ஆனது, பழவேற்காடு 'புலிகாட்' ஆனது.

இதைச் சரிசெய்ய 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களுக்குப் புது ஆங்கில ஸ்பெல்லிங் அறிவித்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால், வேலூருக்கு இரண்டு 'ஈ' போட்டதில் அது 'வீலூர்' என்று வாசிக்கும்படி ஆனது. கோயம்புத்தூரின் நீளத்தைப் பார்த்து மீம்ஸ்கள் பறந்தன. ஏறக்குறைய ஒரே வாரத்தில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நீட்டி எழுதினால் சரியாக உச்சரித்துவிடுவார்கள் என்று நம்பியதுதான் அதில் இருந்த பலவீனம்.

ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் இது வெறும் உச்சரிப்புச் சண்டை இல்லை. நள்ளிரவில் கூட வேலை செய்பவருக்கு அடிபட்டு, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி 108-க்கு போன் செய்யும்போது, ஊர்ப்பெயர் எதிர்முனையில் புரிந்தாக வேண்டும். தங்கும் அறையின் கதவில் ஊர், தெரு, பக்கத்தில் உள்ள ஆலையின் கேட் ஆகியவற்றைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டிவைக்க ஐந்து நிமிஷம் போதும். இந்தி எழுத்தில் 'க'வும் 'கா'வும் வேறுவேறு என்பதால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். புதிதாக வருகிறவருக்கு ஊர்ப்பெயரை டைப் செய்து அனுப்புவதைவிட, வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்புவது மேல்.

ரயிலில் வருகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. எண்ணூரைத் தாண்டியதும் அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு என்று அடுத்தடுத்து இரண்டு ஸ்டேஷன்கள் வரும். வழி சொல்கிறவர் 'புதுநகர்' என்பதை விழுங்கிவிட்டால், ஒரு ஸ்டேஷன் தள்ளிப்போய் இறங்க வேண்டியதுதான்.