பொன் வாரியமும் ஏரி வாரியமும்

பணத்தை எண்ணிப் பழகிய கரம், பசுமை காக்கக் கொடி பிடித்திடுமா? கேலி பேசுவோர் கேட்கும் கேள்வி இது. கேலி வேண்டாம், தோழர்களே; கணக்கைப் பார்ப்போம்.

இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் அலுவல் பார்த்த எம். பி. நிர்மல், 1989இல் சென்னையில் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தோற்றுவித்தார். தெருவாரே கூடித் தெருக் குப்பையை அகற்றும் முறையைப் பரப்பினார். டாய்ச்சு வங்கியில் உயர்பதவி வகித்த பவன் சுக்தேவ், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் சார்பில், இயற்கை அழிவால் நேரும் இழப்பைக் கணக்கிட்ட ஆய்வுக்குத் தலைமை ஏற்றார். 2010இல் வெளிவந்த அவ்வாய்வு கூறிய உண்மை யாது? இந்தியச் சிற்றூர் ஏழைகளும் காட்டை நம்பி வாழ்வோரும் பெறும் வாழ்வாதாரத்தில் 47 விழுக்காடு, இயற்கை தரும் கொடை!

ஆலைக்கு வரும் ஆதாயம் ஏட்டில் ஏறுகிறது. ஏரி வற்றினால் உழவனின் வயிறு வற்றுகிறதே, அது எந்த ஏட்டில் ஏறுகிறது? மறைந்து கிடந்த அந்த நட்டத்தை எழுதிக் காட்டினார், கணக்கின் சூட்சுமம் அறிந்தவர். வரவேற்போம்!

ஆனால், வரவேற்பு வேறு, அதிகாரம் வேறு. விலை குறிக்கப்பட்ட பொருளுக்கு வாங்குவோன் வந்து நிற்பான் என்பது சந்தையின் நியதி. பிளாக்ராக் நிறுவனத்தில் பசுமை முதலீட்டுக்குப் பொறுப்பு வகித்த தாரிக் ஃபேன்சியே, அங்கிருந்து விலகிய பின், 2021இல் பகிரங்கமாகச் சொன்னார்: இத்தகைய முதலீடு நோய் தீர்க்காத போலி மருந்து, அரசின் சட்டமே தேவை என்று. பணமூட்டையின் தயாள குணத்தை நம்பி ஏரியை ஒப்படைக்க இயலாது என்பதற்கு, உள்ளிருந்து வந்தவரின் வாக்குமூலம் இது.

காஞ்சி மாவட்டத்துப் பேரேரிகளில் ஒன்று தென்னேரி. அதே மாவட்டத்து உத்திரமேரூரில், ஏறத்தாழ 920ஆம் ஆண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு வழிகாட்டுகிறது. பொன் வாரியத்துக்கு அறுவர்; ஏரி வாரியத்துக்கும் அறுவர். இரண்டும் தனித்தனி, இரண்டுக்கும் குடவோலை. கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமல்ல, அவன் உறவினர்க்கும் இடமில்லை! நிலமும் வேதக் கல்வியும் இருந்தோரே அச்சபையில் அமர்ந்தனர்; ஏரி நீரால் உழுது பயிரிட்ட ஏழைக்கு இடமளிக்கவில்லை. அந்த அநீதியைத் தள்ளுவோம். அந்த நெறியைக் கொள்வோம்.

வங்கி மேதைகள் தென்னேரிக்கு வரட்டும். கரையோரத்து உழவனுக்கும், வலை வீசும் மீனவனுக்கும் திட்டக் கணக்கைப் படிக்கக் கற்றுத் தரட்டும். ஏரியைத் தொடும் எத்திட்டமாயினும், இழப்புக் கணக்கு தமிழில் கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். ஊரார் ஒப்பினாலன்றி ஒரு கூடை மண்ணும் எடுக்கலாகாது என்று சட்டம் சொல்ல வேண்டும். கணக்கு எழுதுவோர் எவராயினும் ஆகுக. தீர்ப்பு எழுதும் உரிமை ஏரியால் வாழ்வோருக்கே!