பேய் ஊர் என்று யாரும் சொல்லாதீர்கள்



இங்கிலாந்து போய் வந்த கதையை எப்போது எழுதுவீர்கள் சார் என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். லண்டன் படங்களை எல்லாம் மகள் ஏற்கெனவே போட்டுவிட்டாள். நான் எழுதப்போவது வேறு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

மகள் வீடு ஷெஃபீல்டில். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மலைக் கிராமம் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தால் 'எயாம்' என்று வரும், ஆனால் ஊர்க்காரர்கள் 'ஈம்' என்கிறார்கள். வாத்தியார் காதில் அது ஈமக்கடன் என்று விழுந்தது. கதையைக் கேட்ட பிறகு பொருத்தமாகத்தான் இருந்தது.

1665இல் லண்டனில் பிளேக் நோய். அங்கிருந்து இந்த ஊர்த் தையற்காரருக்கு வந்த துணி மூட்டையோடு நோயும் வந்தது என்கிறார்கள். செப்டம்பரில் முதல் சாவு. மறு வருஷம் கோடையில் நோய் முற்றியதும், வில்லியம் மாம்பெசன் என்ற பாதிரியார் சொல்ல, நோய் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவக்கூடாது என்று ஊரே எல்லையைத் தாண்டாமல் உள்ளே இருந்துகொண்டது. வெளியூர்க்காரர்கள் எல்லைக்கல் அருகே சாப்பாட்டுச் சாமான்களை வைத்துவிட்டுப் போவார்களாம். கல்லில் குடைந்த குழிகளில் வினிகரை ஊற்றி, அதில் காசைப் போட்டு வைப்பார்களாம். அந்தக் குழிகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். 1666 நவம்பரில் நோய் ஓய்ந்தபோது சுமார் 260 பேர் போயிருந்தார்கள். பாதிரியாரின் மனைவியும் அதில் ஒருவர். எலிசபெத் ஹான்காக் என்ற தாய் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்திருக்கிறாள்.

இதெல்லாம் புத்தகத்திலும் கிடைக்கும். என்னை நிற்க வைத்தது வீட்டு வாசல்களில் இருந்த பலகைகள்தான். இன்னமும் ஆட்கள் குடியிருக்கும் சாதாரண வீடுகள், ஜன்னலில் திரை, வாசலில் பூந்தொட்டி. பக்கத்திலேயே, இந்த வீட்டில் இன்னார் இன்னார் இருந்தார்கள், இந்தத் தேதியில் இறந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜா இல்லை, தளபதி இல்லை. தையற்காரர், விவசாயி, சின்னப் பிள்ளைகள். அருங்காட்சியகத்தைத் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி, இறந்தவர்களுக்காக வெட்டவெளியில் ஜெபம் செய்கிறார்களாம்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது பேரன் செல்போனை நீட்டினான். "தாத்தா, முட்டுக்காடுன்னு போட்டா இது வருது. உங்க ஊரா?"

ஒரு வீடியோ. இருட்டு, நாய் ஊளைச் சத்தம், டார்ச் வெளிச்சத்தில் கூரையில்லாத சுவர்கள். 'சென்னைக்குப் பக்கத்தில் பேய் ஊர்' என்று தலைப்பு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நம்ம கரிக்காட்டுக்குப்பம்.

வெளியூரில் இருக்கும் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். ஈ.சி.ஆர். சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் வரும் மீனவர் குப்பம் அது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி அடித்தது. பிழைத்தவர்கள் கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். வீடுகளும் கோயிலும் அப்படியே பாழாய் நிற்கின்றன. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று வருகைப் பதிவேட்டை விரித்துவிட்டு, பெயர் கூப்பிட நாக்கு எழாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது வகுப்பில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஊர் திரும்பியதும் அங்கே போனேன். குப்பத்துப் பழைய மாணவன் ஒருவனைத் துணைக்குக் கூப்பிட்டேன். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். சுவரெல்லாம் கிறுக்கல், தரையெல்லாம் பாட்டில். ஒரு இடத்தில் நின்று, "இதான் சார் எங்க சமையல்கட்டு. அம்மா இங்கதான் குழம்பு வைப்பாங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "சார், வீடியோ எடுக்க வர்ற பசங்க என்கிட்டயே வழி கேக்குறாங்க" என்றான்.

எனக்கு அந்தப் பையன்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்களுக்கு யார் சொன்னோம்? இன்று பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் சுனாமிக்கு முன் பிறந்தவர் ஒருவரும் இல்லை. அதே அலை சாளுவன்குப்பத்தில் மணலை அரித்ததில் பாறைக் கல்வெட்டு வெளியே தெரிந்தது, தொல்லியல் துறை தோண்டிப் பழைய செங்கல் முருகன் கோயிலைக் கண்டுபிடித்தது. பத்திரிகைகள் கொண்டாடின, நல்லதுதான். நம் முட்டுக்காட்டிலேயே தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடும் கேரள வீடும் கழற்றிக் கொண்டுவந்து அழகாக நிறுத்தியிருக்கிறார்கள். நானே எத்தனை பேரை அழைத்துப் போயிருக்கிறேன்! அதே ஊரில் மீனவர் வீடு பேய் வீடு.

என் தப்பையும் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் கிளைவ் பாடம் நடத்தினேன். ஆற்காடு, பிளாசி எல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அதே கிளைவ் 1752இல் கோவளம் கோட்டையைப் பிடித்தார் என்பதைக் கோவளத்துப் பிள்ளைகளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை, அதனால் சொல்லவில்லை. அது பழைய சண்டை, இன்றைக்கும் புத்தகத்தில் தேடிப் படித்துக்கொள்ளலாம். கரிக்காட்டுக்குப்பத்தில் எந்த வீடு யாருடையது என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அங்கே வாழ்ந்த பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்களுக்கு எழுபதும் எண்பதும் ஆகிறது.

என் கருத்து இதுதான். அரசு நினைவுச்சின்னம் கட்டட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் ஒரு தகரப் பலகை போதும். வீட்டுக்காரர் பெயர், என்ன தொழில், தண்ணீர் எந்த உயரம் வந்தது. குடும்பம் சம்மதித்தால் இறந்தவர் பெயர்.

இதைச் சொன்னபோது ஆட்டோக்காரனின் அம்மா, "எதுக்கு சார் ஆறின புண்ணைக் கீறணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே இழப்பு நடந்து 350 வருஷம் தாண்டிவிட்டது, இங்கே பெற்றவள் உயிரோடு இருக்கிறாள். யார் வேண்டாம் என்றாலும் அந்த வீட்டுக்குப் பலகை வேண்டாம், வெறுமனே விட்டுவிடலாம். ஆனால் புறப்படும்போது அவரே வாசல்வரை வந்து, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், அதற்கடுத்த வீட்டில் யார் என்று விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். நோட்டு கொண்டுபோகவில்லை. கையில் இருந்த மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

இதுவரை பதினொரு வீடு வரைந்திருக்கிறேன். வரைபடத்தைக் கீழே படமாகப் போடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். குப்பத்தில் பிறந்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இன்பாக்ஸில் எழுதுங்கள். பழைய கல்யாண போட்டோவில் பின்னால் வீடு தெரிந்தால் அதையும் அனுப்புங்கள். கோயிலுக்கு எதிர்வீடு யாருடையது என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.